முறை வரும் ஞாயிறு

கும்மிடிப்பூண்டியிலிருந்து கடல் தூரமில்லை. லீவுதான் தூரம்.

அண்ணன் ரோலிங் மில்லில் ஷிஃப்ட் ஆள். அவனுடைய வார விடுமுறை எந்தக் கிழமை என்பதை நோட்டீஸ் போர்டில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அண்ணி போகிற பேக்கிங் கம்பெனியில் ஞாயிறு லீவு, அவசர ஆர்டர் இல்லாவிட்டால். எனக்கு மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற வேலை. ஆயுத பூஜைக்கு எல்லோருக்கும் லீவு உண்டு, ஆனால் அன்று பாதி நாள் மெஷினுக்குப் பொட்டு வைப்பதிலும் பொரி வாங்குவதிலும் போய்விடும். காணும் பொங்கலன்று போனால் தலைகளுக்கு நடுவே பழவேற்காடு ஏரியைத் தேட வேண்டும். அதனால் அண்ணன் யாரிடமாவது ஷிஃப்ட் மாற்றிக்கொள்வான். பிறகு ஒரு நைட் அவருக்காகப் பார்த்துக் கொடுப்பான். இப்படிக் கடன் வாங்கிய ஞாயிறுகளில்தான் நாங்கள் பழவேற்காட்டுக்குப் போவது.

*

புறப்படுகிற காலையிலும் வாசலில் கரி இருக்கும். தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட்டுத்தான் அம்மா கோலம் போடுவாள். அப்பா ஃபர்னஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புகையின் நிறத்தைப் பார்த்து என்ன ஸ்கிராப் உருகுகிறது என்று சொல்லுவார். வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுவார். பொன்னேரி தாண்டிய பிறகுதான் இறக்குவார். எதற்கென்று நாங்கள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

தமிழ்நாடு அரசு 1971இல் தொழிற்பேட்டைகளுக்காகச் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொடக்ககாலப் பேட்டைகளில் ஒன்று எங்களுடையது. ஊருக்குச் சோறு அதிலிருந்து வருகிறது. கரியும்தான். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

*

எங்கள் ஊர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிற அண்ணனின் நண்பரை ஒரு தடவை எங்களோடு வரக் கூப்பிட்டோம். 1990இல் இலங்கையிலிருந்து வந்தவர்களோடு சிறுவனாக வந்தவர், இப்போது பெயின்டிங் வேலைக்குப் போகிறார். "அன்னிக்குத் தணிக்கை இருக்கும் போல, வர ஏலாது" என்றார். முகாமில் அதிகாரிகள் கணக்கெடுக்க வரும் நாளில் குடும்பத்தோடு அங்கே இருக்க வேண்டும். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டான். "கடல் நான் பார்த்ததுதானே" என்று சிரித்தார்.

*

பலகையில் தேசிய நெடுஞ்சாலை 16. அப்பாவுக்கு அது ஜி.என்.டி. ரோடு. கொல்கத்தா வரை போகிற சாலையில் நாங்கள் சென்னைத் திசையில் தச்சூர் கூட்ரோடு வரை மட்டும் போகிறோம். கம்பிக் கட்டு ஏற்றிய டிரெய்லர்கள், நுனியில் சிவப்புத் துணி. காட்டுப்பள்ளிக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போகிற கன்டெய்னர்கள். கவரைப்பேட்டை வந்தால் அம்மா தண்டவாளப் பக்கம் திரும்பிக் கும்பிடுவாள். 2024 அக்டோபர் 11 இரவு, தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ் அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டு குறுக்கே கிடந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்காகத்தான் கும்பிடு.

தச்சூரில் இடப்பக்கம் திரும்பினால் சத்தம் பாதியாகக் குறையும்.

*

பொன்னேரியில் டீ. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை. டீ நன்றாக இருந்தது.

*

ஆரணி ஆற்றுக்குப் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் உடம்பு. ஆந்திரத்தில் மழை கொட்டி, பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில் அன்றிரவு யாரும் தூங்கமாட்டார்கள். ஆறு கடைசியில் பழவேற்காடு ஏரிக்குள் போய் முடிகிறது. வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் அப்படியே. மூன்று ஆற்றின் நல்ல தண்ணீரும் முகத்துவாரம் வழியாக வரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலந்து நிற்பதுதான் அந்த ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பங்கு தென்முனைதான்.

உப்பு எவ்வளவு, இனிப்பு எவ்வளவு என்பதை அந்த முகத்துவாரம் தீர்மானிக்கிறது. மணல் அடித்து வாய் மூடிக்கொண்டால் இறால் குஞ்சு கடலிலிருந்து உள்ளே வராது, படகு வெளியே போகாது. அதனால் நிரந்தர முகத்துவாரம் வேண்டுமென்று மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் வாய் திறந்தே இருக்கும் என்பது அரசின் கணக்கு. மணலுக்கு வேறு கணக்கு இருக்கலாம். இந்தக் கரையில் ஓரிடத்தில் கல் போட்டால் அதற்கு வடக்கே கரை அரிக்கிறது என்பதை எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

*

திருப்பாலைவனம் தாண்டியதும் வயல் குறைந்து சீமைக்கருவேலம் கூடுகிறது. ஜன்னல் வழியே எதையோ எண்ணிக்கொண்டு வந்த தம்பி மகள், எதை எண்ணுகிறாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள்.

*

பழவேற்காட்டை விடுமுறை ஊராக நினைத்துத்தான் எல்லோரும் வருகிறோம். அது ஒரு பழைய தொழிற்பேட்டை.

1502இல் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டு 1610இல் டச்சுக்காரர்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இங்கேதான் இருந்தது, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை. தரகர்கள் வழியாக நெசவாளிக்கு முன்பணம் போகும். துணி வரும். அது ஜாவாவுக்கும் அதற்கப்பாலும் போய் ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறும். மலேசியாவில் கட்டம் போட்ட கைலியை இன்றும் இந்த ஊர்ப் பெயரால் பெலிக்காட் என்கிறார்கள். வெடிமருந்து இங்கே செய்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பினார்கள். நாணயம் அடித்தார்கள். ஏற்றுமதியில் மனிதர்களும் இருந்தார்கள். பஞ்ச காலங்களில் சோறில்லாமல் விற்கப்பட்டவர்கள் அடிமைகளாகக் கப்பலேறினார்கள்.

ஆர்டர், முன்பணம், தரகர், கப்பல், வெளியூரிலிருந்து வந்த மேலாளர். எங்கள் ஊரில் இன்று இருப்பதில் அன்று இங்கே இல்லாதது எது என்று யோசித்துப் பார்த்தேன். மின்சாரம் மட்டும்தான் அகப்பட்டது.

கோட்டை இப்போது முள்புதர் மூடிய ஒரு மேடு, சுற்றி அகழி. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இம்மாம் பெரிய கம்பெனி. நிமிர்ந்து நிக்கிற செவுரு ஒண்ணு காணோமே" என்றார். ஒரு ஃபர்னஸ் ஆளின் வருத்தம் அது. அவர் வேலை பார்த்த ஷெட்டும் கைமாறி, கூரை பிரித்து, இப்போது காலி மனையாகக் கிடக்கிறது.

*

டச்சுக் கல்லறையின் நுழைவாயிலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம். பிள்ளைகள் எலும்புக்கூட்டோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மா உள்ளே வரவில்லை. "கோயிலுக்கு வேற போவணும்" என்று வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே கல் பலகைகளில் கப்பல், கேடயம், ஆழமாக வெட்டிய எழுத்து. வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்கள் புரிகின்றன. துணி நெய்தவர்களுக்கு இங்கே கல்லறை இல்லை. கப்பலேற்றப்பட்டவர்களுக்கும் இல்லை. எந்தத் தொழிற்பேட்டையிலும் அலுவலகக் கட்டடத்தின் வாசலில்தான் பளிங்குக் கல் பதிக்கிறார்கள்.

*

ஏரி. முதலில் கண்ணுக்குப் பழக வேண்டும். கடலைப் போல அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அலை கிடையாது, இரைச்சல் கிடையாது. தகடுபோல ஒரு வெளிச்சம், அதில் நடந்துகொண்டே மீன்பிடிக்கிறவர்கள். நடு ஏரியில் மனிதன் இடுப்பளவில் நிற்பதைப் பார்த்தபிறகுதான் ஆழம் எவ்வளவு குறைவு என்று தெரியும்.

ஆழம் குறைவாக இருப்பதால்தான் பூநாரை வருகிறது. கழுத்தை மடக்கி, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, சேற்றோடு உறிஞ்சி அலகால் சலித்துத் தின்கிற பறவை. அதன் சிவப்பும் அந்தத் தீனியிலிருந்து வருவதுதான். மழை கூடிய வருடம் ஆழம் குறைந்த இடம் தேடிப் போய்விடும். அன்று தொலைவில் வெளுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைதான் என்றான் அண்ணன். நுரையாகவும் இருக்கலாம். அது எழுந்து பறக்கும் என்று நீண்ட நேரம் நின்றோம். பறக்கவில்லை. நின்றது வீணில்லை. வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் பார்த்தபடி பேசாமல் நிற்பது டிவி முன்னால்கூட நடந்ததில்லை.

*

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அப்பா பேச்சுக் கொடுத்தார். இவருக்கு ஷிஃப்ட், அவருக்குப் பாடு. அரை மணி நேரத்தில் இருவரும் ஒரே கம்பெனி ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

பாடு என்பது ஏரியில் இறால் பிடிக்க இடமும் நாளும் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. இறால் ஓடும் நல்ல இடங்கள் சிலதான். அவற்றில் இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். இன்று மோசமான இடம் விழுந்தவனுக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்கு இதே மாதிரி சீட்டு முறை உண்டு.

"முறை போடுறது யாரு?" என்று அப்பா கேட்டார்.

"யாரு போடுவா? நாங்கதான்."

அப்பா அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நோட்டீஸ் போர்டைப் பார்த்து எழுந்தவர் அவர். தீபாவளி நைட் யாருக்கு என்பதை ஒருமுறைகூட அவரிடம் கேட்டுவிட்டு ஒட்டியதில்லை.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அந்தச் சீட்டில் எல்லோர் பெயரும் இருப்பதில்லை. குறிப்பிட்ட குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்கே அந்த உரிமை. அதைச் சுற்றி வழக்கும் சண்டையும் நடந்திருக்கின்றன. பெரியவர் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சற்றுத் தள்ளி, இருளர் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி, அதன் கயிறு பல்லில். இரண்டு கையும் வேலையில், வாயில் கயிறு, பேச முடியாது. அவர்களுக்கு வலையும் இல்லை, சீட்டும் இல்லை. அப்படியிருந்தும் அப்பாவின் கேள்விக்கு வந்த பதில் எனக்குப் பெரிதாகத்தான் பட்டது. உழைக்கிறவர்கள் உட்கார்ந்து தங்கள் நாளைத் தாங்களே பிரித்துக்கொள்வது முடியாத காரியமில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் பெரிய வட்டமாக உட்கார்ந்தால் போதும்.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வந்துவிடும். அந்த நாள்களை ஊர் கூடிப் போட்டதில்லை.

*

சாப்பாடு: புளியோதரை, தயிர்சாதம், கரையில் வாங்கிப் பொரித்துத் தரச் சொன்ன மடவை. நண்டின் விலை கேட்டுவிட்டு அண்ணி திரும்பி வந்தாள். நல்ல நண்டு வெளிநாட்டுக்குப் போகிறது. அதுவும் பழைய வழக்கம்தான்.

*

பிள்ளைகள் படகு வேண்டுமென்று அழுதார்கள். இல்லை என்றோம். காரணத்தை அண்ணன் மகனிடம் மட்டும் சொன்னேன், அவனுக்குப் புரிகிற வயது.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ், அதுவும் ஞாயிறு. எங்களைப் போலவே உறவெல்லாம் சேர்ந்து சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் ஒன்று படகில் ஏறியது. படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் சேர்த்து. அதற்குப் பிறகு இங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. மீன்பிடிக்கிற ஃபைபர் படகு வலைக்கும் நாலைந்து ஆளுக்கும் கட்டியது. வலையை எப்படி வைத்தால் படகு சாயாது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியும். பூநாரையைக் கண்டதும் ஒரே பக்கம் எழுந்து நிற்கிற குடும்பத்தை எப்படி உட்கார வைப்பது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

*

ஓலைப்பெட்டி விற்கும் பெண்களிடம் அம்மா இரண்டு வாங்கினாள். பனங்குருத்தைச் சாயத்தில் நனைத்து, மூடியோடு பின்னியது. வீட்டு வேலைக்கு இடையில் இங்குள்ள பெண்கள் பின்னுகிற பெட்டிகள். அம்மா பேரம் பேசவில்லை. பேரம் பேசாத அம்மாவை நான் முதல்முறை பார்த்தேன்.

*

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பறவைக்காக என்றால் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, விடியற்காலையில். கல்லறைக்குப் பகலிலேயே போய்விடுங்கள். கொண்டு போகும் தட்டும் பாட்டிலும் உங்களோடு திரும்பி வரட்டும், அங்கே அள்ளுவதற்கு ஆள் இல்லை. ஓலைப்பெட்டி ஒன்றாவது வாங்குங்கள். கரையில் யாராவது வந்து ஏரிக்குள் அழைத்துப் போகிறேன், இவ்வளவுதான் ஆகும் என்று சொன்னால், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும், ஏறாதீர்கள்.