நின்றவர்களைக் காணாத கண்

1838இல் பாரிஸின் பெருவீதி ஒன்றை உயரத்து ஜன்னலிலிருந்து லூயி தகேர் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஆட்களும் ஓயாமல் போய்வரும் தெரு அது. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளி பூசிய தகடு ஒளியை வாங்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் பிடித்தன. அதற்குள் நடந்து கடந்துபோன ஒருவரும் அதில் பதியவில்லை. ஓரமாக ஓர் ஆள் மட்டும் தெளிவாகத் தெரிகிறார். காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவர். மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தெருவில் எத்தனையோ பேர் இருந்தும் அவர் மட்டும் நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், அவர் நகராமல் நின்றதுதான்.

இன்று மடிக்கணினியின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு மாணவர்கள் கலை செய்கிறார்கள். முன்னால் போய் நின்று கையை அசைத்தால் திரையில் பூ உதிரும், நீர் கலையும், எழுத்துகள் சிதறும். அந்தக் கேமராவுக்குத் தகேரின் தகட்டுக்கு நேர் எதிரான குணம். அசைபவர்கள்தான் அதன் கண்ணுக்குப் படுவார்கள்.

மலாக்காவின் ஆயர் குரோ வட்டாரத்தில் இதைப் படிக்கவும் செய்து பார்க்கவும் வசதி இருக்கிறது. ஆயர் குரோ லாமா சாலையில் மல்டிமீடியா பல்கலைக்கழகம். 1996இல் தொடங்கிய அதுதான் மலேசியாவின் முதல் தனியார் பல்கலைக்கழகம். சற்றுத் தள்ளி டுரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இங்கெல்லாம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்கு ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை பின்னால் போனால் வீட்டில் பால்மரம் வெட்டியவர்கள் இருப்பார்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896இல் போட்டதே இந்த மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில்தான்.

என் அக்காள் மகள் அப்படி ஒருத்தி. கடைசி ஆண்டுத் திட்டத்துக்கு அவள் செய்த படைப்பில் திரை முழுவதும் விடியாத ரப்பர்க் காடு. நிரை நிரையாக மரங்கள், இருட்டு. நாம் எங்கே அசைகிறோமோ அங்கே மட்டும் நெற்றி விளக்கு பட்டதுபோல் வெளிச்சம் விழும். மரப்பட்டையில் வெட்டும், மங்கில் சொட்டும் பாலும் தெரியும். கையை இழுத்துக்கொண்டால் மறுபடி இருட்டு மூடிக்கொள்ளும்.

வேலை நடக்கும் விதத்தை அவள் எனக்கு விளக்கினாள். கேமரா விநாடிக்கு 30 படம் அனுப்புகிறது. ஒவ்வொரு படமும் அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள், மொத்தம் 307,200. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. கணினி முதலில் ஆளில்லாத அறையைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அந்த அறையைக் கழிக்கிறது. மிச்சம் இருப்பதுதான் ஆள். விநாடிக்கு ஒன்பது மில்லியனுக்கு மேற்பட்ட புள்ளிகளின் கழித்தலை இன்று சாதாரண மடிக்கணினியே செய்துவிடும். 1970களில் மைரன் குரூகர் ‘வீடியோபிளேஸ்’ என்ற படைப்பில் பார்வையாளரின் நிழலுருவைத் திரைக்குள் உலவவிட்டபோது, அதற்கென்றே தனிக் கருவிகளை உருவாக்க வேண்டியிருந்தது. இப்போது ஓப்பன்சிவி போன்ற நிரல் தொகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன.

கிடைத்தாலும் லேசில் படியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமரா 60க்கு அமைந்திருந்தால் குழல்விளக்கின் கீழே படத்தில் பட்டை பட்டையாக இருள் ஓடும், கணினி அதையும் ஆள் என்று எண்ணிவிடும். வெள்ளைச் சட்டை போட்டவர் உள்ளே நுழைந்தால் கேமரா தானாக ஒளியைக் குறைக்கும். சுவர் முழுவதும் ‘அசைந்துவிடும்’. ஆகவே தானியங்கி ஒளியமைப்பை அணைத்துவைக்க வேண்டும். இன்னொரு சிக்கல்தான் பெரியது. அறை என்றும் ஒரே மாதிரி இருக்காது. மாலை வெயில் சாயும், யாராவது நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அதனால் கணினி தன் மனப்பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்துப் போட்ட நாற்காலி சற்று நேரத்தில் அறையோடு அறையாகிவிடும்.

பேத்தி செய்ததைப் பார்க்க என் அம்மாவும் வந்திருந்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே இளமையைக் கழித்தவர். பிள்ளைகளும் நண்பர்களும் திரைக்கு முன்னால் ஆடிக் குதித்துவிட்டு விலகினார்கள். அம்மா போய் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, திரையில் இருந்த மரங்களை நிதானமாகப் பார்த்தார். நுழைந்தபோது விழுந்த வெளிச்சம் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கியது. முதலில் தோள் போனது, பிறகு புடவை, கடைசியாக முகம். சில விநாடிகளில் அவர் நின்ற இடத்தில் வெறும் காடு.

“ஏம்மா, நா இங்கதான நிக்கிறேன்? என்னை எங்க காணோம்?”

“கையை ஆட்டுங்க பாட்டி. அசைஞ்சாதான் தெரியும்.”

“எதுக்கு ஆட்டணும்? பாக்கத்தான வந்தேன்.”

சற்று நேரம் நின்றுவிட்டு அவர் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் விலகிய இடத்தில், அவருடைய உருவத்திலேயே வெளிச்சம் எழுந்து நின்றது. தலை, தோள், பின்னால் கட்டிய கையின் முழங்கை, எல்லாம் அப்படியே. ஆள் இல்லை. காரணம் எளிது. கணினி அதற்குள் அவரை அறையின் ஒரு பகுதியாகப் படித்துவிட்டிருந்தது. அவர் போனதும் அறையில் ஏதோ மாறிவிட்டது என்று கண்டு, அந்த மாற்றத்தை ஆள் என்று காட்டியது. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை ‘பேய்’ என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு இது நீக்க வேண்டிய பிழை.

அந்தத் திரையைப் பார்த்த பிறகு தோட்டத்து வாழ்க்கையை நான் வேறு விதமாக எண்ணிப் பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நேரம்தான் தனித்தனி ஆளாக எண்ணப்படுவது. பிறகு நானூறு ஐந்நூறு மரங்களுக்கு நடுவே ஒருவர். தலைமுறை தலைமுறையாக அதே லயம், அதே கோயில், அதே வெட்டு. நாடு அவர்களைப் பார்த்துப் பார்த்து நிலக்காட்சியின் பகுதியாகவே படித்துவிட்டது. ரப்பர்க் காடு என்றால் அதில் தமிழர் இருப்பார்கள், மரம் இருப்பதைப் போல. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, மரத்துக்கு விலை பேசினார்கள், நிலத்துக்கு விலை பேசினார்கள். உள்ளே இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி பிறகுதான் வந்தது. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் காசைச் சேர்த்தே தோட்டம் வாங்கினார் என்றால், அந்தக் கேள்வியை வேறு யாரும் போதிய அளவு கேட்கவில்லை என்றுதான் பொருள். இந்த மண்ணிலேயே வாழ்ந்து முதிர்ந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய பாட்டிகளை நம்மில் பலருக்குத் தெரியும்.

தோட்டத்து மக்கள் அசைந்தபோது மட்டும் தெரிந்தார்கள். 1967இல் இதே மலாக்காவின் புக்கிட் ஆசாஹான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, கோலாலம்பூர் வரை கால்நடையாகப் போனார்கள். தோட்டத்திலேயே உட்கார்ந்து கேட்டிருந்தால் தலைநகரத்துக்குக் கேட்டிருக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பின்னாளில் தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் வழிவிட்டபோது லயங்கள் இடிக்கப்பட்டன. அதற்குப் பிறகுதான் ஆய்வேடுகள், ஆவணப்படங்கள், நினைவுக் கட்டுரைகள். இருந்தவர்களைவிட அவர்கள் விட்டுப்போன வெற்றிடம் நமக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. நானும் அப்படி எழுதியவன்தான். அந்த எழுத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இருந்தபோதே பார்த்திருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

நிற்பவர்களைக் காணாதது கேமராவின் இயல்பே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கனடாக் கலைஞர் டேவிட் ரோக்பி 1995இல் ‘வாட்ச்’ என்ற படைப்பில் ஒரே தெருவை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு பக்கம் அசைபவை மட்டும், இன்னொரு பக்கம் அசையாதவை மட்டும். விரைந்து போகிறவர்கள் இரண்டாவதில் கரைந்துவிடுவார்கள். நிற்பவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். அதே கேமரா, அதே தெரு, கணக்கை மட்டும் அவர் மாற்றிப் போட்டார். 1999இல் கமீல் அட்டர்பேக்கும் ரோமி அகிதுவும் செய்த ‘டெக்ஸ்ட் ரெய்ன்’ படைப்பில் எழுத்துகள் மழையாக இறங்கும். வெள்ளைப் பின்புலத்துக்கு முன்னால் எது கருமையாக இருக்கிறதோ அதன்மேல் தங்கும். நீட்டிய கையில் எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கருமை அங்கே எழுத்தைத் தாங்கும் தரை.

இன்னொரு மாணவிக்கு அந்தக் கருமையே மறைப்பாகிப் போனது. எம்.ஐ.டி.யில் படித்த ஜாய் புவலம்வினி, கண்ணாடியில் பார்ப்பவரின் முகத்தின் மேல் வேறோர் உருவம் படியும்படி, வெப்கேம் கொண்டு ஒரு படைப்புச் செய்தார். அவர் கறுப்பினப் பெண். முகம் கண்டறியும் மென்பொருள் அவர் முகத்தைக் காணவே இல்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டதும் உடனே கண்டுகொண்டது. அதைத் தொடர்ந்து டிம்னிட் கெப்ருவோடு சேர்ந்து அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய நிறுவனங்களின் முகப் பகுப்பாய்வு மென்பொருள்களைச் சோதித்தது. முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வதில், வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. நம் நிறத்துப் பிள்ளைகள் இந்த எண்களை நினைவில் வைத்திருப்பது நல்லது. ஒரு மாணவி கலைக்காகச் செய்த வேலையில் தட்டுப்பட்ட தடை, அந்த நிறுவனங்களைத் தங்கள் மென்பொருளைத் திருத்த வைத்தது என்பதையும் சேர்த்து.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் புலப்படுவது ஒன்று. கேமராவுக்கு வரும் 307,200 புள்ளிகளில் உயர்வு தாழ்வு கிடையாது. என் அம்மாவின் கன்னத்துக்கும் பின்சுவருக்கும் அது ஒரே மதிப்புத் தருகிறது. எவ்வளவு நேரம் நின்றால் ஒருவரைச் சுவராகக் கொள்ளலாம் என்பதை மனிதர் ஒருவர் எங்கோ உட்கார்ந்து எழுதிவைத்திருக்கிறார். தோட்டத்திலும் அதேதான். அங்கே இருந்தவர்களை இயற்கை மறைக்கவில்லை. கணக்கெடுத்தவர்கள், விலை பேசியவர்கள், வரைபடம் போட்டவர்கள் ஓர் எல்லை வைத்தார்கள். தோட்டத்து மக்கள் அந்த எல்லைக்கு வெளியே நின்றார்கள். பிறர் வைத்த எல்லையை உலகத்தின் இயல்பு என்று நம்பிவிட்டதுதான் நமக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

அக்காள் மகள் அந்தப் பேயை நீக்கவில்லை. கணக்கின் இன்னோர் அடுக்கை எழுதிச் சேர்த்தாள். இப்போது ஆடி ஓடுபவர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். பொறுமையாக நிற்பவர்களின் படங்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும். நிற்க நிற்க உருவம் தெளியும், சுற்றியுள்ள மரங்களும் விடியும். மதிப்பெண் கொடுப்பவர்களுக்கு இதில் வேகம் இல்லை என்று தோன்றலாம். எனக்கு இதுதான் அவள் செய்ததில் சிறந்தது.

ஆயர் குரோவில் இந்தப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஓப்பன்சிவியில் பின்னணியைப் பிரிக்கும் கட்டளைக்குள் கற்கும் வேகம் என்று ஓர் எண் உண்டு. 0 என்று கொடுத்தால் கணினி எவரையும் சுவராக்கிக்கொள்ளாது. 1 என்றால் ஒவ்வொரு படத்திலும் எல்லாரையும் மறந்துவிடும். எதுவும் எழுதாமல் விட்டால் அதுவே ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலோர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்து கேமராவுக்கு முன்னால் நிற்கவைத்து, அவரைப் பார்த்துக்கொண்டே அந்த எண்ணை எழுதுங்கள்.