ஐந்து விரலும் விரியட்டும்

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு கையைப் பற்றிய விதி வெட்டியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர்ச் சபையின் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்து வரக் கூடாதே! அவர் படித்தால் போதாது, கூட இருப்பவர்களும் வாங்கிப் படிக்க வேண்டும்.

உத்திரமேரூர்க்காரர்களே, இன்று ஓலை உங்கள் செல்போனுக்கு வருகிறது. அதை எந்தக் கையால் வாங்குகிறீர்கள்?

டீக்கடையில் ஒரு பெரியவர், தம்பி மகன் அனுப்பிய வீடியோவைக் காட்டி அவனிடமே கேட்டார்: “இது நெசமாடா?” அவன் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “யாருக்குத் தெரியும் பெரியப்பா? வந்துச்சு, அனுப்பினேன்.”

இந்த ஐந்து வார்த்தைதான் ஆபத்து. இதை எதிர்த்துத்தான் எழுதுகிறேன்.

அப்படி வரும் வீடியோ செயற்கை நுண்ணறிவு செய்ததாகவும் இருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு ‘எந்திரன்’ சிட்டி நினைவுக்கு வருகிறான். ஒருவர் “உலகம் அழியப் போகுது” என்று நடுங்குகிறார். இன்னொருவர் மீம்ஸ் போட்டுச் சிரிக்கிறார். நடுங்கினவரும் சரி, சிரித்தவரும் சரி, அடுத்த நிமிஷம் வந்ததைப் பார்க்காமல் அனுப்புகிறார். பயமும் கேலியும் இங்கே ஒரே வேலையைத்தான் செய்கின்றன: யோசிக்கும் பொறுப்பிலிருந்து நம்மைக் கழற்றிவிடுகின்றன.

எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். நாட்டை ஆளும் ஜீவாவை ஜனங்கள் கும்பிடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம். பின்னால் நின்று ஆட்டியவர்கள் மனிதர்கள். கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோ புத்தகம் படிக்கிறது, கேள்வி கேட்கிறது. எச்சரிக்கை நாயைப் பற்றியதா, ஜீவாவைக் கும்பிட்டவர்களைப் பற்றியதா? நீங்களே சொல்லுங்கள்.

ஒளிப்பிம்பம் இப்போது கதையில் மட்டும் இல்லை. 2018ல் மறைந்த கலைஞர், 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரல் தொண்டர்களை அழைத்தது. அவை கட்சிக்காரர்களே செயற்கை நுண்ணறிவால் வெளிப்படையாகச் செய்தவை. ஒளித்துச் செய்ய நினைப்பவன் சொல்லிவிட்டா செய்வான்?

இயந்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. சுஜாதாவே பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்த பொறியாளர். பின்னாளில் அந்த இயந்திரத்தோடு ஒரு சீட்டும் சேர்ந்தது. போட்ட ஓட்டு கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிகிறது. கையை விரி என்று நாடு கேட்டது, இயந்திரம் விரித்தது. கேட்டால் நடக்கும்.

ஆகவே கேளுங்கள். வீடியோ வந்தால், யார் எடுத்தது, எப்போது, முழுசாக எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையா, உங்கள் கையோடு நிறுத்துங்கள். மகன் குரலில் யாராவது அவசரமாகப் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு மகனின் நம்பருக்கு நீங்களே போடுங்கள். பணம் போய்விட்டதா, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930க்குச் சொல்லுங்கள். பிள்ளை ஏஐயிடம் கேட்டுக் கட்டுரை எழுதினால் திட்டாதீர்கள். “இது சரின்னு உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?” என்று மட்டும் கேளுங்கள். உங்கள் மனுவைக் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது என்று எந்த அலுவலகத்திலாவது சொன்னால், நகராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கையெழுத்துப் போடும் மனிதர் யார் என்று கேளுங்கள். கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வாரியத்துக்கு வரவே கூடாது என்று விதி வெட்டிய ஊர் இது.

அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம் இருந்தது. உழுதவருக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டாம். ஆனால் இன்று எல்லார் கையிலும் ஓலை இருக்கிறது. அதனால் விரலை விரிக்கும் கடமையும் எல்லாருக்கும் உண்டு.

இதைப் படித்து முடித்ததும் செல்போனை எடுப்பீர்கள். அதில் ஏதோ ஒன்று வந்திருக்கும். அனுப்பும் முன் ஒரு தடவை கையை விரித்துப் பாருங்கள். வந்ததையெல்லாம் அனுப்புவது எந்திரத்தின் வேலை. நிறுத்திப் பார்ப்பது நம் வேலை.