சமஜீவிதமும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும்



கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாள் நெருங்குங்கால், நம் இல்லங்களில் மகிழ்ச்சியுடன் ஒரு கவலையும் புகுகின்றது. பிள்ளை அடுத்த வகுப்பிற்கு ஏறுகிறது என்பது மகிழ்ச்சி. கட்டணம், சீருடை, காலணி, பை, நோட்டுப் புத்தகம் யாவும் ஒரே மாதத்தில் வாயிற்படியில் வந்து நிற்கின்றனவே என்பது கவலை. கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் மும்பைத் தாராவியிலும் வாழும் நம்மவருள் பலர் கூலியையும் சிறு சம்பளத்தையுமே நம்பியவர்கள். 2001 ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புவோர் தங்கவயலில் எத்தனையோ பேர். இவர்கட்குப் பள்ளி திறக்கும் மாதம் பெருஞ்சோதனையாகவே அமைகின்றது.

"வரவு செலவு உலகியற் காரியமன்றோ? தம்ம உபதேசத்தில் இதற்கு இடமேது?" எனச் சிலர் வினவலாம். கோலியரின் ஊராகிய கக்கரபத்தத்தில் தீகஜாணு என்னும் இல்லறத்தான் பகவான் புத்தரை அணுகி, "நாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள்; எங்கட்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தரும் வழியைக் கூறியருள்க" என்ற பொருள்பட வேண்டினான். பகவான் அவனை இகழவில்லை. இல்லறத்தை விட்டு வா எனவும் சொல்லவில்லை. இம்மை நலத்திற்கென நான்கினை எடுத்தோதினார். அவை, ஊக்கத்தோடு உழைத்தல், உழைத்துப் பெற்றதைக் காத்தல், நன்னட்புக் கொள்ளுதல், வரவறிந்து வாழ்தல் என்பன. இறுதியிற் கூறியதே சமஜீவிதம். தராசு பிடிப்பவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்பதை அறிவதுபோல, இல்லறத்தானும் வரவையும் செலவையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வுபதேசத்தின் கருத்து. ஆகலின், கணக்கெழுதும் நோட்டும் தம்ம சாதனமே என்க.

இனி அத்தராசை நம் கையிற் பிடித்துப் பார்ப்போம். மாதம் ரூ. 20,000 வரும்படியும் இரு பிள்ளைகளும் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். ஆண்டிற்குப் பள்ளிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் ரூ. 6,000, சீருடை, காலணி, பை ஆகியன ரூ. 4,800, நோட்டுப் புத்தகமும் எழுதுபொருளும் ரூ. 2,400 என வைத்துக்கொண்டால், மொத்தம் ரூ. 13,200 ஆகின்றது. இதனை ஒரே மாதத்திற் புரட்டுவது அக்குடும்பத்தால் இயலாது. பன்னிரண்டு மாதங்கட்குப் பகிர்ந்தாலோ, மாதம் ரூ. 1,100 மட்டுமே. சம்பளம் வந்த அன்றே இத்தொகையைத் தனியே அஞ்சலகக் கணக்கில் இட்டுவிடின், பள்ளி திறக்கும் மாதமும் மற்ற மாதங்களைப் போன்றதே ஆகும்.

அவ்வாறு செய்யாதவர் நிலை யாது? வட்டிக்காரனிடம் செல்கின்றனர். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டியில் ரூ. 13,200 வாங்கினால், மாத வட்டி ரூ. 660. பத்து மாதங்களில் ரூ. 6,600 கட்டியாயிற்று; அஃதாவது வாங்கியதிற் பாதி. முதலோ அப்படியே நிற்கின்றது! அடுத்த பள்ளியாண்டும் வந்துவிடுகின்றது. வறுமை துன்பம், வறியவன் கடன் கொள்ளுதல் துன்பம், வட்டி கொடுத்தல் துன்பம், கடன் கொடுத்தவன் நெருக்குதல் துன்பம் எனப் பகவான் துன்பத்தைப் படிப்படியாக விளக்கினார். அநாதபிண்டிகனுக்கு உபதேசிக்கையில், இல்லறத்தானுக்குரிய நால்வகை இன்பங்களுள் கடனின்மையையும் ஓர் இன்பமாக எண்ணினார். கடனில் உழன்றவரே அவ்வின்பத்தின் அருமையை அறிவர்.

சிகாலோவாத சூத்திரத்தில், பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பங்கை நுகர்ந்து, இரு பங்கைத் தொழிலில் இட்டு, ஒரு பங்கை ஆபத்துக் காலத்திற்கென வைக்குமாறு கூறப்பட்டுள்ளது. "வாடகையும் அரிசியும் போக மீதியேயில்லை, எங்ஙனம் நான்காகப் பகுப்பது?" என நம் சகோதரிகள் கேட்பது நியாயமே. வணிகர் நகரத்து இளைஞனுக்குச் சொன்ன அளவைக் கூலிக் குடும்பத்தின்மேல் அப்படியே சுமத்துதல் தகாது. அவ்வுபதேசத்தின் உட்பொருள் யாதெனில், கைக்கு வந்தது முழுவதையும் இன்றைக்கே உண்டு தீர்க்காதே என்பதாம். கடை வைத்திருப்பவன் கடையில் முதலிடுகின்றான். கடையும் நிலமும் இல்லாத நமக்கு முதலிடும் தொழில் யாது? பிள்ளைகளின் கல்வியேயாம். ஆகவே பள்ளிக்கு ஒதுக்கும் பணத்தைச் செலவென்று எழுதாமல் முதலென்று எழுதுங்கள். செலவென்று எண்ணியதை முதலில் வெட்டுவோம். முதலென்று எண்ணியதை இறுதிவரை காப்போம்.

பெற்றோர் மக்கட்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்தனுள், தொழிற்கல்வி பயிற்றுதலையும் அச்சூத்திரமே ஒன்றாக வைக்கின்றது. அக்கடமை ஆண் மகவிற்கு மட்டும் உரியதன்று. பணம் போதாதபொழுது, "பெண்தானே, வீட்டிலிருக்கட்டும்" என்னும் சொல் நம் வீடுகளிலும் எழுகின்றது. மல்லிகாதேவி பெண் மகவு ஈன்றாள் எனக் கேட்டு முகம் வாடிய பசேனதி அரசனிடம், பெண் ஆணினும் சிறந்து விளங்கக்கூடும் எனப் பகவான் எடுத்துரைத்ததை நினைவிற் கொள்ளுங்கள். பற்றாக்குறை வரின், வேறு எதனையும் குறையுங்கள். மகளின் படிப்பைக் குறைக்காதீர்கள்.

குறைக்கத் தக்கவை யாவை? பொருள் அழியும் வாயில்கள் ஆறு எனச் சூத்திரம் கூறும். அவற்றுள் முதலாவது குடி. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு ரூ. 100 குடியில் விடுபவன் ஆண்டில் ரூ. 15,600 இழக்கின்றான். நாம் மேலே கணக்கிட்ட இரு பிள்ளைகளின் ஆண்டுச் செலவையும் தந்து, மேலும் ரூ. 2,400 மிஞ்சும் தொகை அது! ஐந்தாம் சீலத்தை வாயினால் ஓதிவிட்டுக் கையினால் மீறுபவன் தன் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தையே குடிக்கின்றான். அவ்வாறே காதணி விழா, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றில் ஊரார் மெச்சக் கடன்பட்டுச் செய்யும் ஆடம்பரத்தையும் பௌத்தராகிய நாம் விட்டொழிக்க வேண்டும்.

சிக்கனம் கஞ்சத்தனமன்று. உதேன அரசனின் தேவியர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். இத்தனையையும் என்ன செய்வீர் என அரசன் வினவினான். ஆடை நைந்த பிக்குகட்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். நைந்த பழையவை படுக்கை விரிப்பாகும். அவையும் பழையதானால் மெத்தையுறை, பின்னர்த் தரைவிரிப்பு, கால்மிதி, தூசித்துணி ஆகும். முடிவிற் கிழித்துச் சேற்றோடு குழைத்துத் தரை பூசுவோம் என வரிசையாக விளக்கினார். அரசன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் தந்தான். ஆகவே மூத்தவனின் சீருடையை இளையவன் அணிவதும், சென்ற ஆண்டு நோட்டுகளின் எழுதாத தாள்களைச் சேர்த்துத் தைப்பதும் வெட்கமன்று, சங்கத்தின் வழக்கமே. வெட்கப்படத் தக்கது கடன் வாங்கிய பகட்டே.

அரசு தருவதைப் பெறுதலும் பிச்சையன்று, உரிமையாம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வியுரிமைச் சட்டத்தின்படி, ஆறு முதல் பதினான்கு வயதுவரை அரசுப் பள்ளியிற் கல்வி இலவசம். எட்டாம் வகுப்புவரை பாடநூலும் மதிய உணவும் கிடைக்கின்றன. நன்கொடை கேட்டுச் சேர்க்கை நடத்துவதை அச்சட்டம் தடுக்கின்றது. எட்டாம் வகுப்பில் தேசியத் திறன்வழி உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறும் அரசு மற்றும் உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டிற்கு ரூ. 12,000 வழங்கப்படுகின்றது. பௌத்தரானால் பட்டியல் சாதியினர்க்குரிய சலுகை போய்விடும் என அஞ்சுவோர் இன்னும் உளர். 1990 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அச்சத்தைப் போக்கிவிட்டது. ஆதலால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை விடுமுறையிலேயே பெற்று வையுங்கள். கடைசி நாளில் அலுவலக வாயிலில் நின்று கூலியை இழக்காதீர்கள்.

தனியொருவரால் ஆகாதது கூட்டத்தால் ஆகும்; அதுவே நன்னட்பு. அயோத்திதாச பண்டிதர் 1907 இல் தொடங்கிய இதழுக்கு "ஒரு பைசாத் தமிழன்" எனப் பெயரிட்டார். ஏழையின் கையில் ஒரு பைசாவேனும் இருக்கும், அதற்கும் அறிவு கிடைத்தல் வேண்டும் என்னும் அருளுள்ளம் அப்பெயரில் ஒளிர்வதைக் காண்கிறோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 இல் பரோடா அரசின் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையோடு அமெரிக்கா சென்று பயின்றார். தாம் பெற்ற கல்வி பிறர்க்கும் கிட்ட வேண்டுமென 1946 இல் மும்பையிற் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அவர்கள் வழிவந்த நாம், ஒவ்வொரு விகாரையிலும் ஒரு பெட்டி வைப்போம். சென்ற ஆண்டின் நூல்களும் சீருடைகளும் சிறுத்துப்போன காலணிகளும் அதிற் சேரட்டும். வேண்டுவோர் பெயர் கேட்கப்படாமல் எடுத்துச் செல்லட்டும். பௌர்ணமி தோறும் குடும்பத்திற்குப் பத்து ரூபாய் சேர்ப்பின், வட்டிக்காரன் வாயிலை மிதிக்க வேண்டிய ஒரு தாயையேனும் நாம் தடுத்தவராவோம்.

வரும் பௌர்ணமியன்று சீலம் ஏற்றபின், கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து இவ்வாண்டுக் கணக்கை எழுதுங்கள். பிள்ளைகளும் அதனைக் காணட்டும். தந்தையின் வியர்வை எத்தனை நோட்டுப் புத்தகங்கள் ஆயிற்று என அறிந்த பிள்ளை அவற்றை வீணாக்காது.

எல்லோரும் கடனின்றி வாழ்க! எல்லாக் குழந்தைகளும் கற்றுயர்க!

நமோ புத்தாய!