எழுதுகோல் உயர்த்தப்பட்டவர்: மனநோயோடு வாழ்ந்து மறைந்தவரை எப்படி நினைவுகூர்வது?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஜனாஸா வீட்டில் நாம் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடும் ஒரு வார்த்தையை இந்த வாரம் யோசித்துப் பார்ப்போம். ஆயுள் முழுக்க மனநோயோடு வாழ்ந்த ஒருவர் மௌத்தானால், ஆறுதல் சொல்ல வருபவர்கள், "போய்ச் சேர்ந்தது நல்லதுதான். அவருக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி" என்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. அவர் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையே இல்லை, வீட்டுக்கு இருந்த சுமை இறங்கிவிட்டது என்ற தீர்ப்பு. அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டா?

எங்கள் குடும்பத்துக்கும் இந்த வார்த்தை வந்தது. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, மௌத்தானபோது வந்தது. இருபது வயதில் அவருக்கு நோய் கண்டது. மனச்சிதைவு என்றார்கள் மருத்துவர்கள். அறுபதைத் தாண்டியும் அது அவரை விடவில்லை. சில மாதம் தெளிவு, சில மாதம் யாருக்கும் கேட்காத குரல்களோடு பேச்சு. திருமணம் இல்லை, தொழில் இல்லை. ஊர் அவரை எண்ணியது இந்த "இல்லை"களை வைத்துத்தான்.

ஆனால் அவரிடம் இருந்தது விளையாட்டு. அஸர் தொழுகைக்குப் பிறகு கால்பந்துத் திடலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கோட்டைத் தாண்டி ஓடும் பந்தை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. பையன்களும் "சாச்சா, பந்து!" என்று மரியாதையாகக் கேட்பார்கள். கிரிக்கெட் என்றால் 1983 உலகக் கோப்பையின் கணக்கு முழுவதும் மனப்பாடம். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்த ஆட்டத்தில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் எடுத்த 175ஐ எல்லோரும் பேசுவார்கள். சாச்சா வேறொன்றைச் சொல்வார்: "மறுமுனையில கிர்மானி நின்னாருல்ல! அவரு எடுத்தது 24தான். ஆனா அவரு அவுட்டாகியிருந்தா 175 ஏது?" ஒன்பதாவது விக்கெட்டுக்கு அந்த இருவரும் சேர்த்தது 126 ரன், கடைசிவரை பிரியாமல்.

நிம்மதி யாருக்கு?

நபி (ஸல்) அவர்களைக் கடந்து ஒரு ஜனாஸா சென்றது. இவர் ஓய்வு பெற்றவர், அல்லது இவரிடமிருந்து பிறர் ஓய்வு பெற்றார்கள் என்ற கருத்தில் அவர்கள் கூறினார்கள். தோழர்கள் விளக்கம் கேட்டார்கள். இறைநம்பிக்கையாளர் இறந்தால் உலகத்தின் களைப்பிலிருந்து அவர் ஓய்வு பெறுகிறார், தீயவன் இறந்தால்தான் மக்களும் ஊரும் மரமும் விலங்கும் அவனிடமிருந்து ஓய்வு பெறுகின்றன என்று விளக்கினார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் இந்தச் செய்தி இருக்கிறது.

இப்போது நம் வார்த்தையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "அவருக்கு நிம்மதி" என்பது முஃமினுக்குரிய சொல். "வீட்டுக்கு நிம்மதி" என்பதோ தீயவனுக்குரிய சொல். யாருக்கும் தீங்கு நினைக்காத ஒரு நோயாளியின் ஜனாஸாவில், நல்லெண்ணத்தோடு அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

ஆண்டுக்கணக்கில் இரவுத் தூக்கம் கெட்ட ஒரு தாயோ தங்கையோ, எல்லாம் முடிந்தபின் ஒரு பெருமூச்சு விடலாம். அது களைப்பு, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு இரவுகூடக் கண்விழிக்காத நாம் வெளியிலிருந்து அதைச் சொல்வது வேறு.

எழுதுகோல் யாரை விட்டு உயர்த்தப்பட்டது?

உறங்குபவர், சிறுவர், புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருப்பதாக ஹதீஸ் சொல்கிறது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதில் நுணுக்கம் பார்த்தார்கள். தெளிவில்லாத நேரத்தில்தான் அவருக்குச் சலுகை. தெளிவு வந்தால் கடமையும் திரும்ப வரும். அதாவது மனநோயாளியை மார்க்கம் ஒரேயடியாக ஒதுக்கித் தள்ளவில்லை. தெளிந்த நாளில் அவருக்கும் தொழுகை ஸஃப்பில் முழு இடம் உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். எழுதுகோல் அவரை விட்டுத்தான் உயர்த்தப்பட்டது, நம்மை விட்டு அல்ல. அவர் நம்மைத் திட்டியது எழுதப்படவில்லை. நாம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் எழுதப்பட்டது. அவர் மாத்திரையைத் துப்பியது எழுதப்படவில்லை. மறுபடியும் ஒரு மாத்திரையைச் சோற்றோடு ஊட்டிய கை எழுதப்பட்டது.

எங்கள் வாப்பாவின் உம்மா சாகும்வரை அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். பிறகு என் உம்மா கொடுத்தார்கள். மறுமுனையில் நிற்பது என்று சாச்சா சொன்னது இதைத்தான் என்று எனக்குத் தோன்றும். அந்த 1983 ஆட்டம் படம்பிடிக்கப்படவில்லை. இவர்கள் நின்ற ஆட்டத்துக்கும் படம் கிடையாது. பதிவு மட்டும் அல்லாஹ்விடம் இருக்கிறது.

மதீனாவின் தெருவில்

புத்தியில் சற்றுக் கோளாறு இருந்த ஒரு பெண் நபியவர்களிடம், தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நபியவர்கள் அவரை இன்னாரின் தாயே என்று கண்ணியமாக அழைத்தார்கள். எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். அவருடைய தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. நாமோ அத்தகையவர் எதிரே வந்தால் தெருவை மாற்றுகிறோம்.

"விளையாட்டு விளையாட்டு என்று வீணாய்ப் போனார்" என்றும் சிலர் சொல்வார்கள். பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவீயில் ஈட்டி விளையாடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் போதும் என்னும்வரை பார்க்கட்டும் என்று நின்றுகொடுத்தவர்கள் நம் நபி. அன்னையோடு ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். ஆகுமான மகிழ்ச்சியை மார்க்கம் குறைவாக எண்ணவில்லை. மனம் சிதறிக் கிடக்கும் ஒருவருக்கு ஒரு பந்தின் மீது அது நிலைத்து நிற்கும் ஒரு மணி நேரம் எத்தனை பெரிய நிஃமத்!

நம் பொறுப்பு

மருத்துவம் செய்யச் சொன்ன மார்க்கம் இது. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. நம் ஏர்வாடியிலோ 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் உயிரிழந்தார்கள். ஓடித் தப்ப முடியாதபடி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் அவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. துஆவும் கேளுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இருக்கிறது.

அடுத்த முறை அத்தகைய ஒரு ஜனாஸா வீட்டுக்குப் போனால் நிம்மதியைப் பற்றிப் பேசாதீர்கள். அவருக்கு எது பிடிக்கும் என்று கேளுங்கள். அந்தக் குடும்பம் சொல்லட்டும். நோய்க்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பதற்கு நீங்களும் சாட்சியாவீர்கள்.

யா அல்லாஹ்! சோதனையோடு வாழ்ந்து உன்னிடம் வந்தவர்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக! அவர்களுக்காக மறுமுனையில் நிற்பவர்களுக்குப் பொறுமையையும் நிறைவான கூலியையும் தருவாயாக! எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.