நகலை நம்பி ஆளலாமா?

நகலைப் பார்த்து மூலத்தை அறிந்துவிட்டதாகச் சொல்ல, நகல் எவ்வளவு ஒத்திருக்க வேண்டும்? மெய்யியலின் இந்தப் பழைய கேள்வி தொலைத்தொடர்புத் துறையிலும் எழுந்துள்ளது. தரைக் கோபுரம், ட்ரோன், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் ஒரே வலையமைப்பாக்குவது அடுத்த தலைமுறைக் கைபேசித் தொழில்நுட்பமான 6ஜி-யின் நோக்கங்களுள் ஒன்று. அதை நிர்வகிக்க முன்வைக்கப்படும் வழி 'டிஜிட்டல் இரட்டை' எனும் மெய்நிகர் நகல். எந்த மாற்றத்தையும் முதலில் இரட்டையில் சோதித்துவிட்டு, பிறகு உண்மைக் கருவிகளில் செய்யலாம். இதற்கான தேவைகளையும் கட்டமைப்பையும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2022-இல் ஒய்.3090 பரிந்துரையில் வகுத்தது.

ஓர் அமைப்பை நன்கு கட்டுப்படுத்துவது எதுவோ, அது அந்த அமைப்பின் மாதிரியாகவும் இருந்தாக வேண்டும் என்று சைபர்நெட்டிக்ஸ் ஆய்வாளர்களான கோனன்ட்டும் ஆஷ்பியும் 1970-இல் வாதிட்டனர். அந்த மாதிரி முழுமையாக இருக்க வேண்டியதில்லை. பிளேட்டோவின் 'கிராட்டிலஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் காட்டுவது இதுதான்: ஒருவரின் உடல், உயிர், அறிவு அனைத்தையும் அப்படியே படியெடுத்தால் கிடைப்பது படிமம் அல்ல, இன்னொரு மனிதர். ஆக, விடுபடல் படிமத்தின் குறையல்ல, இலக்கணம்.

தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் 'இலகு இரட்டை' இந்த இலக்கணத்தின் மேல் நிற்கிறது. நகரும் பேருந்தில் உள்ள கைபேசியை எப்போது அடுத்த கோபுரத்துக்கு மாற்றுவது என்று கணிக்க, சிக்னல் வலிமை, பேருந்தின் வேகம், கோபுரத்தின் சுமை ஆகியவை பெரும்பாலும் போதும். கோபுரத்தின் போல்ட்டுகள் தேவையில்லை. புயலில் அதே கோபுரம் நிற்குமா என்று கேட்டால், போல்ட்டுகளே முதன்மை. நகலின் மெய்ம்மை கேள்வியைப் பொறுத்தது.

காலமும் ஒரு வரம்பு. தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் நகர்கிறது. அதன் நிலை பற்றிய செய்தி வந்து சேரும்போது அந்த நிலை கடந்துபோயிருக்கும். புறப்பொருளை நேரே காண்பதில்லை, அறிவில் பதிந்த அதன் வடிவத்திலிருந்து அனுமானிக்கிறோம் என்ற சௌத்திராந்திக பௌத்தர்களின் நிலைப்பாடு இரட்டைக்கும் பொருந்தும். அது காட்டுவது நிகழ்காலத்தை அன்று, நிகழ்காலம் பற்றிய அனுமானத்தை.

எஞ்சுவது அறக்கேள்வி. பயனர் குறைந்த மலைக்கிராமத்தைச் சராசரிக்குள் கரைத்துவிட்டால் நகல் இலகுவாகும். ஆனால் அக்கிராமத்தின் சிக்னல் துண்டிப்பு திரையில் தெரியாது. நகலைக் கொண்டு ஆள்வது தவறல்ல. எதை விட்டோம், ஏன் விட்டோம் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நகலைச் செய்த மனிதரே.