பாட்டு யார் பேரில்?

திண்டிவனம் – மரக்காணம் சாலையில் போகிறவர்கள் பெருமுக்கல் மலையைப் பார்த்திருப்பார்கள். மேலே கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு எதுக்கு? கொடுத்தவன் பேர் நிக்கணும், அதுக்குத்தான். மலையடிச் சேரிகளில் தலைமுறை தலைமுறையாகச் சாவுக்கு ஒப்பாரி கட்டினவள் பேர் எங்கே நிற்கிறது? அவள் பாட்டுக்கு 'நாட்டுப்புறப் பாடல்' என்று பொதுப்பேர் வைத்தார்கள். தொகுத்தவர் பேர் அட்டையில் வந்தது.

இன்றைக்குத் தலித் பாடகன் தானே எழுதி, தானே பாடி, பேர் போட்டால், "கலை மக்களுடையது, பேர் எதற்கு?" என்கிறார்கள். தியாகராஜர் தன் கீர்த்தனைக்குள்ளேயே பேரை முத்திரையாக வைத்தார். அதை யாரும் ஆணவம் என்று சொன்னதில்லை.

அரக்கோணத்து அறிவு 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பைக் கொண்டுவந்தார். 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் போனது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, மேடையில் அவர் இல்லை. தன் உழைப்பை அவரே எழுதிச் சொல்ல வேண்டியதாயிற்று. தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பங்கைச் சொன்னார்கள். பல கைகள் சேர்ந்த பாட்டுத்தான். ஆனால் எந்தக் கை முதலில் மறைகிறது என்பதுதான் நம்ம கேள்வி.

இன்னொரு கேள்வி நம்மைப் பார்த்து. ஒப்பாரி மெட்டை எடுக்கிறவன் அதை எனக்கே என்று பட்டா போட்டுக்கொண்டால், அவனும் ஒரு பண்ணையார்தானே? அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளைப் பாட்டுக்குள்ளேயே பேர் சொல்லி வைத்தார். கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய 'மனுசங்கடா' இன்குலாப் எழுதியது. பாடினவர் பேர் எழுதினவர் பேரைத் தின்றுவிடவில்லை.

சுயேச்சைக் கலைஞன் என்றால் யாருக்கும் கடன்படாதவன் என்று அர்த்தமில்லை. கம்பெனிக்கும் சாதிக்கும் அவன் கட்டுப்பட வேண்டாம். ஆனால் பாட்டியிடம் பட்ட கடனை வாய்விட்டுச் சொல்லியாகணும். பேர் கேட்பது உரிமை. பேர் சொல்வது கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது அநியாயம்.

சாவு வீட்டில் செல்போனில் ஒப்பாரியைப் பதிவு செய்கிற தோழர்களே, முதலில் அந்த அம்மாவிடம் சம்மதம் கேளுங்கள். பேரையும் ஊரையும் எழுதுங்கள். காசு வந்தால் அவள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.