ஒரு சிலந்தியும் ஆயிரம் சுவர்க்கோழிகளும்



கடந்த பௌர்ணமி வந்தனை முடிந்தபின் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். அமெரிக்காவில் தொழில் புரியும் அவருடைய தமையனார், டாரன்டுலா என்னும் பெருஞ்சிலந்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறாராம். அதற்கு இரையாகச் சுவர்க்கோழிப் பூச்சிகளையும் தம் வீட்டிலேயே பெருக்கி வருகிறாராம். "பஞ்சசீலம் ஏற்றவர் இதைச் செய்யலாமா?" என்றார். "கூடாது; அது கொலை" என்று ஒரே மூச்சில் கூறிவிட்டேன்.

அச்சொல் கடல் கடந்து சென்றது. அண்ணன் தம்பியிடையே பேச்சு நின்றது. பின்னர்த் தமையனாரே எனக்கு மடல் வரைந்தார்: "ஐயா, சிலந்தி என் கையில் இருக்கிறது. இரையிட்டால் கொலை என்கிறீர். இடாதிருந்தால் அதுவும் பட்டினியால் மாளுமே! நான் என் செய்வது?" இவ்வினாவுக்கு விடை கூறாமல் சீலம் போதிக்க எனக்குத் தகுதியில்லை. என் அவசரத்தை உங்கள் முன் ஒப்புக்கொண்டு, மீண்டும் ஆராய முற்படுகின்றேன்.

அவர் மடலிலிருந்து சுவர்க்கோழி வளர்ப்பின் முறையை அறிந்தேன். காற்றோட்டமுள்ள பெட்டியினுள் முட்டை அடுக்கும் அட்டைகளை நிறுத்தினால் பூச்சிகள் அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கும். தானிய மாவும் காய்த்துண்டும் உணவு. திறந்த கிண்ணத்து நீரில் மூழ்கி மடியுமாதலால் ஈரப்பஞ்சே தண்ணீர்ப்பந்தல். பெண் பூச்சி ஊசி போன்ற உறுப்பை ஈரமண்ணில் ஊன்றி முட்டையிடும். 30 பாகை செல்சியஸ் அளவு வெப்பமிருந்தால் ஏறத்தாழ இரண்டு வாரத்திற்குள் எறும்பளவு குஞ்சுகள் வெளிவரும். பலமுறை தோலுரித்து 6 முதல் 8 வாரங்களில் வளர்ச்சி முற்றும். அதன்பின் ஆண் பூச்சி சிறகோடு சிறகு தேய்த்துப் பாடத் தொடங்கும். கழிவை அகற்றாவிடில் நச்சுக்காற்று எழும். நீரும் உணவும் குறைந்தால் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். 2010ஆம் ஆண்டையொட்டி வட அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு நச்சுயிரி நோய் புகுந்து, நெருங்கி வாழ்ந்த கோடிக்கணக்கான சுவர்க்கோழிகளை அழித்தது.

நூற்பாலையில் இரவு முறை பார்த்தவன் நான். பஞ்சுக் கிடங்கின் சுவரிடுக்கில் சுவர்க்கோழி பாடும். இயந்திரம் நின்ற சிறுபொழுதில் அக்குரல் ஒன்றே எங்களுக்குத் துணை. நெருக்கடியும் வெப்பமும் காற்றின்மையும் உயிரை என்ன பாடுபடுத்தும் என்பதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. ஆகவே, "வெறும் பூச்சிதானே" என்று தள்ள என் நெஞ்சம் ஒப்பவில்லை.

இனி சீலத்தை நோக்குவோம். கொலை நிறைவுற ஐந்து அங்கங்கள் வேண்டுமென அட்டகதைகள் விளக்குகின்றன: உயிர் இருத்தல், அதனை உயிரென்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் நேரும் மரணம். "கடிப்பது சிலந்தி, நானல்லேன்" என வளர்ப்பவர் கூறலாம். தன் கையால் கொல்வதோடு, பிறரை ஏவிக் கொல்வதையும் பொறி அமைத்துக் கொல்வதையும் அதே நூல்கள் கொலையின் வழிகளாக எண்ணுகின்றன. தப்ப வழியற்ற கண்ணாடிப் பெட்டியும் ஒரு பொறியே. எனவே குற்றம் இல்லையென்று நான் கூறமாட்டேன். ஆயின் முயற்சியின் அளவையும் மனமாசின் வன்மையையும் பொறுத்துக் குற்றத்தின் கனம் வேறுபடும் என்றும் அந்நூல்கள் கூறுகின்றன. கண்டு களிப்பதற்காக இரையைத் தள்ளுபவனும், ஏற்ற பொறுப்பைக் கலங்கிய மனத்தோடு ஆற்றுபவனும் ஒரே தட்டில் நிற்பவரல்லர்.

சிலந்தியின்மேல் பிழையில்லை. தானியம் உண்ண அதற்கு இயலாது. அயல்நாட்டுக் குளிரில் விட்டுவிட்டால் மடியும். பிழை எங்கே தொடங்கிற்று? கடையில் அதன் அழகைக் கண்டு ஆசை எழுந்த அந்நாளில் தொடங்கிற்று. பெண் டாரன்டுலா 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. வாரம் ஒரு சுவர்க்கோழி என்று கொண்டாலும் 20 ஆண்டுகளில் 1,040 உயிர்கள்! ஒரு நாழிகை ஆசைக்கு ஆயிரம் உயிர் விலை. பகவான் வேட்கையைத் துக்கத்தின் வேர் என்றது எத்துணை உண்மை!

ஆதலின் தமையனாருக்கு நான் எழுதியது இது: கையிலுள்ள சிலந்தியைக் கைவிடாதீர். இன்னொன்று வாங்காதீர், இனம் பெருக்காதீர். வளர்ந்த சிலந்தி பல வாரம் உண்ணாமலும் தாங்குமாதலால், தேவைக்கு மேல் இரையிடாதீர். சுவர்க்கோழிகளையும் தேவைக்கு மேல் பெருக்காதீர். அவை வாழும் நாள்வரை நீர், உணவு, தூய்மை, காற்று குறையாமல் பார்த்துக்கொள்வீர். உண்ணாத இரையைப் பெட்டியினின்று எடுத்துவிடுவீர்; தோலுரிக்கும் வேளையில் மெலிந்து கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழியே கடித்துக் கொன்றுவிடும். மிகுந்த பூச்சிகளை விற்றுப் பொருளீட்டாதீர். உயிர் விற்பனை, உபாசகர் விலக்கவேண்டிய ஐந்து வாணிபங்களுள் ஒன்று. ஒவ்வோர் இரையிடும் நாளிலும் அக்குற்றத்தை மறைக்காமல் நினைந்து, மறுநாள் சீலத்தைப் புதுப்பித்துக்கொள்வீர்.

அன்பர்களே! நம்மில் எவரும் பெருஞ்சிலந்தி வளர்க்கவில்லை. எனினும் விரும்பியதொன்றை வீட்டினுள் கொணருமுன், "இதற்கு இரையாகப் போகும் உயிர் எது? எத்தனை ஆண்டுகளுக்கு?" என்று கேட்கும் பழக்கம் நம் அனைவர்க்கும் வேண்டும். பிறர் குற்றத்தைத் தீர்ப்பிடுமுன் அவர் மடலை முழுதும் படிக்கும் பொறுமையும் வேண்டும். இதனை நான் காலந்தாழ்ந்தே கற்றேன்.

அண்ணனுக்கு நான் மடல் வரைந்துவிட்டேன். தம்பியும் இன்றே வரைவாராக!

சர்வ ஜீவர்களுக்கும் மங்களம் உண்டாகுக!